நேர்த் தெருவும் பிரான்சிஸ் தெருவும்

திருத்தூதர் பவுல் மனமாற்ற விழா மறையுரை



இன்று முதல் வாசகத்தில் ஆண்டவர் அனனியாவுக்கு ஒரு முகவரி கொடுத்ததைக் கவனித்தீர்களா? தமஸ்கு நகரில் நேர்த் தெரு என்று ஒரு தெரு. அதில் யூதா என்பவரின் வீடு. அந்த வீட்டில் தர்சு ஊர்க்காரர் சவுல். தெருவின் பெயர், வீட்டுக்காரர் பெயர், தங்கியிருப்பவரின் பெயர், அவருடைய சொந்த ஊர் என எல்லாமே இருக்கிறது. அதை அப்படியே ஒரு தபால்காரரிடம் கொடுத்தால் வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

பவுலின் மனமாற்றம் என்றதும் நமக்கு வானத்து ஒளிதான் நினைவுக்கு வரும். ஓவியர்கள் வரைந்து பழக்கிய குதிரையும் கூடவே வரும். வாசகத்தில் குதிரை இல்லை, தெரு இருக்கிறது. ஒளி அவர்மேல் பட்டது நெடுஞ்சாலையில். கண் திறந்தது அந்தத் தெருவில், ஒரு சாதாரண வீட்டுக்குள், முன்பின் அறியாத ஒரு சீடர் தலைமேல் கைவைத்து அவரைச் சகோதரரே என்று அழைத்தபோது. மூன்று நாள் பார்வையின்றி, அன்னம் தண்ணீர் இன்றிக் கிடந்த மனிதருக்கு ஆண்டவர் இன்னொரு ஒளியை அனுப்பவில்லை. தெரு தெரிந்த ஒருவரை அனுப்பினார்.

அனனியா உடனே கிளம்பிவிடவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. அந்த ஆளைப் பற்றித் தனக்குத் தெரியும், எருசலேமில் அவன் செய்த கொடுமையெல்லாம் காதுக்கு வந்திருக்கிறது என்று தயங்குகிறார். ஆளைப் பற்றிய பேச்சு ஆளுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. தெருக்களுக்கும் இப்படித்தான். ஒரு தெருவின் கெட்ட பெயர், அங்கே வாழ்பவர்களின் முகத்தை நாம் பார்க்கும் முன்பே நம் காதுக்கு வந்துவிடுகிறது.

இன்று உங்களை வேறு சில தெருக்களுக்கு அழைத்துப்போகப் போகிறேன். அவை அயர்லாந்தின் தலைநகர் டப்ளினின் பழைய தொழிலாளர் தெருக்கள். அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும் என்று கேட்பீர்கள். நம் பங்கில் வாரந்தோறும் கூடுகிற மரியாயின் சேனை அந்த ஊரின் ஏழைத் தெரு ஒன்றில்தான் பிறந்தது. நம் வீட்டுக்குள் வந்து குடியிருக்கிற ஒன்று எந்த வாசலிலிருந்து கிளம்பி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

டப்ளினை நடுவே பிரித்துக்கொண்டு லிஃபி ஆறு ஓடுகிறது. தென்கரையில் லிபர்ட்டீஸ் என்ற பழம்பகுதி இருக்கிறது. நெசவாளர்கள் வாழ்ந்த இடம் அது. 1759-இல் தொடங்கிய கின்னஸ் ஆலையிலிருந்து பார்லி வறுக்கும் வாசம் அந்தச் சந்துகளில் எந்நேரமும் வீசும். வடகரையில் ஹென்ரியட்டா தெரு, சம்மர்ஹில், குளோஸ்டர் தெரு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரபுக்கள் கட்டிய மாளிகைகள் அங்கே வரிசையாக நின்றன. 1801-இல் டப்ளின் பாராளுமன்றம் கலைக்கப்பட்டு அதிகாரமெல்லாம் லண்டனுக்குப் போனபோது பிரபுக்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். காலியான மாளிகைகளை வாங்கியவர்கள் அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். நம் வழக்கில் சொன்னால் ஒண்டுக்குடித்தனம்.

ஹென்ரியட்டா தெரு 14-ஆம் எண் வீட்டை இன்று அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பிரபுவின் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அதில் 17 குடும்பங்கள், மொத்தம் 100 பேர் வாழ்ந்தார்கள். விதானத்தில் சுண்ணச்சாந்தால் செய்த பூங்கொடி, அதன் கீழே கயிறு கட்டி உலர்த்திய குழந்தைத் துணி. அந்த ஆண்டில் நகரின் உட்பகுதியில் சுமார் 26,000 குடும்பங்கள் இப்படிப்பட்ட வீடுகளில் இருந்தன. அவற்றில் 20,000 குடும்பங்களுக்கு ஒரே ஓர் அறைதான். சமையல், படுக்கை, பிரசவம், நோய், சாவு, செபமாலை எல்லாம் அந்த நாலு சுவருக்குள்தான்.

கெவின் கேர்ன்ஸ் என்ற ஆய்வாளர் அந்த வீடுகளில் வளர்ந்து முதுமை எய்தியவர்களைத் தேடிப்போய், அவர்கள் நினைவுகளைக் கேட்டு எழுதி 1994-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்தத் தலைமுறையின் நினைவில் திரும்பத் திரும்ப வருவன சில. முற்றத்தில் எல்லோருக்கும் ஒரே குழாய். அங்கிருந்து நான்கு மாடி தண்ணீர் சுமந்து ஏறிய அம்மா. கழிவு வாளியைத் தூக்கிக்கொண்டு அதே படியில் இறங்கியவரும் அவர்தான். ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்த பிள்ளைகள். இரவிலும் சாத்தாத தெருக்கதவு. வீடற்ற யாராவது உள்ளே வந்து மாடிப்படியின் கீழ் சுருண்டு படுத்திருந்தால், காலையில் அவருக்கும் ஒரு கோப்பை தேநீர் போகும்.

ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெண்மணி இருந்தார். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். பிரசவ வலி எடுத்தால் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். யாராவது இறந்தால் உடலைக் கழுவி, தலைவாரி, கைகளைக் கூப்பிச் செபமாலையைச் சுற்றிவிடுவதும் அவர்தான். பிறப்பவர்க்கும் இறப்பவர்க்கும் முதல் கையும் கடைசிக் கையும் ஒரே கை. அவர்களில் பலருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்களின் நினைவில் மட்டும்தான் இருந்தது.

சுவரில் இயேசுவின் திரு இருதயப் படமும் அதன்முன் ஒரு சிறிய சிவப்பு விளக்கும் இருக்கும். நம் வீடுகளிலும் இருக்கிறதே, அதே படம்தான். அடுப்புக்குக் கரி வாங்கக் காசில்லாத நாளிலும் அந்த விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை அடகுக் கடையில் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கையில் கணவனின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் சூட்டும். அதை வைத்து வாங்கிய காசில் வாரம் ஓடும். சனிக்கிழமை கூலி கிடைத்ததும் மீட்டுக்கொண்டு வருவார்கள், மறுநாள் திருப்பலிக்குப் போட்டுக்கொண்டு போகவேண்டுமே. திங்களன்று அது மறுபடி கடைக்குப் போகும். அடகுக் கடையாவது பரவாயில்லை, வட்டிக்காரரிடம் மாட்டியவர்களுக்கு விடிவே இல்லை. நோரா ஹெர்லிஹி என்ற பள்ளி ஆசிரியை, தன் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் இந்த வறுமையைப் பார்த்து மனம் பொறுக்காமல், நண்பர்களோடு சேர்ந்து மக்களே நடத்தும் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டினார். 1958-இல் தொடங்கிய முதல் சங்கங்களில் ஒன்று லிபர்ட்டீஸை ஒட்டிய டோனோர் அவென்யூவில் அமைந்தது. அதன்பின் இச்சங்கங்கள் நாடு முழுவதும் பரவின.

இறைமக்களே, பழைய தெருக்களைப் பற்றிப் பேசும்போது நமக்கு ஒரு சபலம் வரும். அந்தக் காலம் பொற்காலம், ஏழ்மையிலும் அன்பு பொங்கியது என்று சொல்லி முடித்துவிடத் தோன்றும். அப்படிச் சொல்வது அந்த மக்களுக்கு நாம் செய்யும் அநீதி. காசநோய் அந்த அறைகளில் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போனது. குழந்தைகளின் சிறிய பெட்டிகள் அந்த மாடிப்படிகளில் இறங்கிக்கொண்டே இருந்தன. அன்பு பொங்கியது உண்மை. வீட்டுச் சொந்தக்காரர்கள் வாடகையை வாங்கிக்கொண்டு சுவரைப் பழுதுபார்க்காமல் விட்டதும் அதே அளவு உண்மை.

1913 செப்டம்பர் 2, மாலைப் பொழுது. சர்ச் தெரு 66, 67 எண் வீடுகள் சரிந்து தெருவில் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அப்போது டப்ளினில் பெரும் கதவடைப்பு நடந்துகொண்டிருந்தது. தொழிற்சங்கத்தை விட மறுத்தவர்களை முதலாளிகள் வேலையிலிருந்து நிறுத்தியிருந்த நாட்கள் அவை. யூஜின் சால்மன் என்ற 17 வயதுப் பையனும் அப்படி பிஸ்கட் ஆலை வேலையை இழந்து வீட்டில் இருந்தான். வீடு சரியத் தொடங்கியதும் தம்பி தங்கைகளை ஒவ்வொருவராக வெளியே இழுத்துக் காப்பாற்றினான். இன்னும் ஒரு தங்கை, நான்கு வயது எலிசபெத், உள்ளே இருந்தாள். அவளைத் தூக்கிவரத் திரும்பி ஓடினான். இருவரையும் இடிபாட்டுக்கு அடியிலிருந்து பிணமாகத்தான் எடுத்தார்கள்.

நண்பருக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பில்லை என்று ஆண்டவர் சொன்னதை நாம் பீடத்திலிருந்து எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அந்தப் பையன் அதை எத்தனை முறை கேட்டிருப்பானோ தெரியாது. படியில் திரும்பி ஏறினான், அவ்வளவுதான். அதே தெருவில் கப்புச்சின் துறவியரின் ஆலயம் இருக்கிறது. அத்தெருவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மனம் ஆலயத்துக்குப் போகும் முன் அந்த மாடிப்படியில் போய் நிற்கிறது.

இப்போது வடகரையில் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இன்று நாம் கொண்டாடும் விழாவுக்கு அவர் மிகவும் பொருத்தமானவர்.

மாட் டால்பட் 1856 மே 2 அன்று ஆல்ட்பரோ கோர்ட் என்ற சந்தில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை துறைமுகத் தொழிலாளி, குடிப்பழக்கம் உள்ளவர். பள்ளிக்கூடத்தில் ஒட்டாத மாட், 12 வயதில் ஒரு மது வணிகரிடம் வேலைக்குப் போனார். அங்கேயே குடிக்கத் தொடங்கினார். அடுத்த 16 ஆண்டுகள் கூலி முழுவதும் மதுக்கடைக்குப் போனது. காசு தீர்ந்தால் காலில் கிடந்த பூட்ஸை விற்றுக் குடித்தார். ஒருநாள் தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்துவந்த ஓர் ஏழையின் பிடிலையே எடுத்துக்கொண்டு போய்க் காசாக்கிக் குடித்தார்கள், அவரும் கூட்டாளிகளும். அந்த மனிதருக்கு இருந்த ஒரே பிழைப்பு அந்தப் பிடில்தான்.

1884-ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை. மாட்டுக்கு வயது 28. அந்த வாரம் வேலைக்குப் போகாததால் கையில் காசில்லை. கூலி வாங்கிக்கொண்டு நண்பர்கள் வரும் நேரம் பார்த்து மதுக்கடைப் பக்கத்துத் தெருமுனையில் போய் நின்றார். இத்தனை நாள் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார், இன்று ஒருவராவது உள்ளே வா என்று கூப்பிடமாட்டார்களா? ஒருவர் பின் ஒருவராகக் கடந்து போனார்கள். சிலர் தலையசைத்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

அன்று அவர் மேல் எந்த ஒளியும் வானத்திலிருந்து விழவில்லை. அவமானம்தான் விழுந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்தவரைப் பார்த்து, இவ்வளவு சீக்கிரம், அதுவும் தெளிவோடு வந்திருக்கிறானே என்று அம்மா திகைத்துப்போனார். இனிக் குடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கப் போவதாக மகன் சொன்னார். அன்றே கிளான்லிஃப் குருமடத்துக்குப் போய் ஒப்புரவு அருட்சாதனம் பெற்று, ஒரு குருவின் முன் மூன்று மாதத்துக்கு மட்டும் வாக்குறுதி கொடுத்தார். பிறகு ஆறு மாதம். பிறகு ஆயுளுக்கும்.

குடியை விட்டவர்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த மூன்று மாதத்தின் அருமை தெரியும். ஆயுளுக்கும் என்று முதல்நாளே கேட்டிருந்தால் அவர் ஓடியிருப்பார். வேலை முடிந்து மற்றவர்கள் மதுக்கடைக்குள் நுழையும் மாலைப்பொழுதுதான் கடினமான நேரம். அந்த நேரத்தில் அவர் தெருத்தெருவாக நடந்தார், ஆலயம் ஆலயமாக ஏறி இறங்கினார். பிடில்காரரை ஊரெல்லாம் தேடினார். கண்டுபிடிக்க முடியாதபோது, கொடுக்கவேண்டிய காசை அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லிக் கொடுத்தார்.

அதற்குப்பின் 41 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஒரு மரக்கிடங்கில் கூலிவேலை. தனி அறை, பலகைக் கட்டில், மரக்கட்டைத் தலையணை. விடியுமுன் ஆலயத்துக்குப் போய், கதவு திறக்கும்வரை படிக்கட்டில் முழந்தாளிட்டிருப்பார். கால்சட்டையின் முழங்கால் பகுதியைக் கீறி வைத்திருந்தாராம், வெறும் முழங்கால் கல்லில் படவேண்டும் என்று. மேலே நீண்ட கோட்டு மூடியிருந்ததால் யாருக்கும் தெரியாது. சரியாகப் பள்ளி செல்லாத மனிதர் எழுத்துக்கூட்டிப் புனித அகுஸ்தினாரின் வாழ்க்கையைப் படித்தார். கதவடைப்பு நாட்களில், பிள்ளைகுட்டி உள்ள தொழிலாளிகளின் வீடுகளுக்குத் தன் பணத்தைக் கொடுத்தார்.

1925 ஜூன் 7, மூவொரு கடவுள் பெருவிழா. திருப்பலிக்குப் போகும் வழியில் கிரான்பி சந்தில் மாட் டால்பட் மயங்கி விழுந்தார். அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 69. யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சட்டைப் பையில் பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மருத்துவமனையில் உடலைக் கழுவும்போதுதான் இடுப்பிலும் கையிலும் காலிலும் சங்கிலிகள் சுற்றியிருந்ததைப் பார்த்தார்கள். தன்னை மரியன்னைக்கு முழுவதும் கையளித்ததன் அடையாளமாக அணிந்தவை அவை. புனித லூயி தெ மோன்போர் எழுதியதைப் படித்து அவர் மேற்கொண்ட தவம். சகோதரி வந்து அடையாளம் காட்டும்வரை அவர் பெயரற்ற ஓர் உடல்.

சந்தில் விழுந்த அந்தப் பெயரற்றவரைத் திருச்சபை 1975-இல் வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. குடியிலிருந்து மீளப் போராடுகிறவர்கள் உலகெங்கும் அவர் பரிந்துரையை நாடுகிறார்கள். 1972 முதல் அவருடைய கல்லறை, அவர் வாழ்ந்த பகுதியிலேயே, ஷான் மக்டெர்மட் தெருவின் லூர்து அன்னை ஆலயத்தில் இருக்கிறது. முன்பு குளோஸ்டர் தெரு என்று சொன்னேனே, அந்தத் தெருதான்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு வேதனையாக இருக்கிறது, ஆனால் பீடத்தில் நின்று பாதியை மட்டும் சொல்லக்கூடாது.

அதே ஷான் மக்டெர்மட் தெருவில், துறவற இல்லம் ஒன்றின் பொறுப்பில் ஒரு சலவைக்கூடம் இருந்தது. மகதலா சலவைக்கூடங்கள் என்று அழைக்கப்பட்டவற்றில் ஒன்று. மணமாகாமல் தாயான பெண்கள், வன்முறைக்கு ஆளான சிறுமிகள், ஆதரவற்றவர்கள், வீட்டாருக்கு வேண்டாதவர்கள் எனப் பலரை அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். ஊதியமின்றி ஊரார் துணியைத் துவைத்தார்கள். பலருக்கு உள்ளே நுழைந்ததும் சொந்தப் பெயரை மாற்றி வேறு பெயர் வைத்தார்கள். அயர்லாந்தில் கடைசியாக மூடப்பட்ட சலவைக்கூடம் இதுதான். மூடியது 1996-இல். நம்மில் பலர் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். 2013 பிப்ரவரியில் அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆண்டவர் சவுலைப் பெயர் சொல்லி இருமுறை அழைத்தார். கொலைவெறியோடு போய்க்கொண்டிருந்தவரையே சொந்தப் பெயரால்தான் அழைத்தார். அவருடைய திருச்சபையின் பெயரால் நடந்த இடத்தில் ஒரு சிறுமியின் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் பிறந்த தெருவையும் அவரிடமிருந்து பறித்தார்கள். அது பாவம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஏனென்றால் அதே காலத்தில், அதே ஊரில், அதே நம்பிக்கையோடு வேறுவிதமாக நடந்துகொண்டவர்கள் இருந்தார்கள்.

அவர்களைத் தேடி மறுபடி தென்கரைக்கு, லிபர்ட்டீஸ் பகுதிக்குப் போவோம். பிரான்சிஸ் தெருவில் மைரா இல்லம் என்று ஒரு கட்டடம். வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைகளுக்காகக் கூடிய இடம். 1921 செப்டம்பர் 7, மரியன்னையின் பிறப்பு விழாவுக்கு முந்தின நாள். இரவு எட்டு மணிக்குச் சுமார் பதினைந்து பெண்கள் அங்கே கூடினார்கள். பெரும்பாலும் உழைத்துச் சாப்பிடும் இளம்பெண்கள். மைக்கேல் டோகர் என்ற குருவானவரும் ஃபிராங்க் டஃப் என்ற 32 வயது அரசு ஊழியரும் உடனிருந்தார்கள். மாட் டால்பட்டை ஆட்கொண்ட அதே மோன்போரின் பக்திதான் இவர்களையும் ஆட்கொண்டிருந்தது.

அவர்கள் உள்ளே வந்தபோது மேசை தயாராக இருந்தது. முன்னதாக வந்த ஒருவர், யாரும் சொல்லாமலே, வெள்ளைத் துணி விரித்து, அருள்வரங்களின் அன்னை சுரூபத்தை நடுவில் வைத்து, இரண்டு பூச்சாடியும் இரண்டு மெழுகுதிரித் தண்டும் வைத்திருந்தார்.

சேனைக் கூட்டத்துக்குப் போகிறவர்களே, இந்த மேசையை உங்களுக்குத் தெரியும். இந்தப் பங்கில் இந்த வாரம்கூட அதை விரித்திருப்பீர்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் அந்தத் துணி எங்கள் வீட்டில்தான் இருக்கும். கூட்ட நாளன்று அம்மா கரி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, முதலில் தன் சேலை முந்தானையில் தேய்த்துச் சூடு பார்ப்பார். மரியாயின் சேனை என்று நூலால் தைத்த இலத்தீன் எழுத்துகள்மேல் பெட்டி படாமல் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். அந்த எழுத்தை அவருக்கு வாசிக்கத் தெரியாது. பிரான்சிஸ் தெரு என்று ஒன்று இருப்பதும் தெரியாது. ஆனால் அன்று அங்கே மேசையை விரித்த, பெயர் தெரியாத அந்தக் கையும் என் அம்மாவின் கையும் ஒரே வேலையைச் செய்தன.

செபம் முடிந்ததும் அந்தப் பெண்கள் கேட்ட கேள்வி, எங்கே போவது என்பதுதான். ஏழைகள் விடுதியின் மருத்துவமனையில் கவனிப்பாரற்றுக் கிடந்த பெண் நோயாளிகளிடம் போவது என்று முடிவாயிற்று. இருவர் இருவராகப் போனார்கள். பணம் கொண்டுபோகவில்லை. கட்டிலருகே உட்கார்ந்தார்கள், பெயர் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு அவர்கள் அனனியாவைப் போலவே ஒரு சோதனையைச் சந்தித்தார்கள். நகரில் உடலை விற்று வாழ்ந்த பெண்கள் தங்கிய விடுதிகள் இருந்தன. மரியாதையுள்ளவர்கள் அந்த வழியே நடக்கமாட்டார்கள். சேனைப் பெண்கள் கதவைத் தட்டி உள்ளே போனார்கள். உங்களைத் தேடித்தான் வந்தோம் என்று ஒருவர் வந்து சொல்வதை அந்த வாசல்கள் அதுவரை கண்டதில்லை. மனம் மாறி வந்தவர்களுக்கு 1922-இல் ஹார்கோர்ட் தெருவில் சாங்தா மரியா இல்லம் திறந்தார்கள். 1927-இல் வீடற்ற ஆண்களுக்கு விடியற்கால விண்மீன் இல்லம். 1930-இல் பெண்களுக்கு ரெஜினா சேலி இல்லம்.

இந்தக் கடைசி இல்லத்தை மனத்தில் வையுங்கள். மணமாகாத தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்துவிடுவதே ஒழுங்கு என்று நாடே நினைத்த காலத்தில், இங்கே தாய் தன் பிள்ளையைத் தன்னோடே வைத்து வளர்க்கலாம். பெயரும் அவளுடையதுதான், பிள்ளையும் அவளுடையதுதான். சலவைக்கூடமும் இந்த இல்லமும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே திரு இருதயப் படத்தின் கீழ் நடந்தன. ஒன்று பெண்களை ஊர் கண்ணிலிருந்து மறைத்தது. மற்றது அவர்கள் வாசலுக்குப் போய் நின்றது. நாம் எந்த வழியில் வந்தவர்கள் என்பதை நாம்தான் ஒவ்வொரு வாரமும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ஃபிராங்க் டஃப் 1980-இல் இறக்கும்வரை அந்த இல்லங்களின் பக்கத்திலேயே வாழ்ந்தார். எங்கு போனாலும் மிதிவண்டி. அந்தப் பழைய தெருக்களோ மாறிவிட்டன. 1930-கள் முதல் குடும்பம் குடும்பமாக கிரம்ளின், கேப்ரா போன்ற புறநகர்களுக்குக் குடிபெயர்த்தார்கள். தனி வீடு, தனிக் குழாய், சன்னலுக்கு வெளியே வானம். பிள்ளைகள் பிழைத்தார்கள். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் புது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்ட முதல் இரவில், மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்காமல் பல தாய்மாருக்குத் தூக்கம் வரவில்லை.

அன்பார்ந்தவர்களே, நம்முடைய பங்கையும் தெரு வாரியாகத்தான் அன்பியங்களாகப் பிரித்திருக்கிறோம். பதிவேட்டில் ஒவ்வொரு தெருவும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தெருவிலும் நாம் தட்டாத கதவு ஒன்றாவது இருக்கிறது. குடிக்கிறவர் வீடு என்று தாண்டிப் போகிறோம். ஓடிப்போய்க் கல்யாணம் செய்தவள் என்று ஒதுக்குகிறோம். புதிதாக வாடகைக்கு வந்தவர்கள், எந்த ஊரோ என்ன சாதியோ என்று தள்ளி நிற்கிறோம். அந்த வீட்டில் ஒருவர் மூன்று நாளாகச் சாப்பிடாமல், கண் தெரியாமல், யாராவது வருவார்களா என்று உட்கார்ந்திருக்கலாம்.

ஆலய வாசலில் காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்று சிறிய சீட்டுகளும் பென்சிலும் வைத்திருக்கிறோம். உங்கள் தெருவில் அப்படிப்பட்ட ஒரு வீடு இருந்தால் எழுதிப் போடுங்கள். ஆள் பெயர் தெரியாவிட்டால் வீட்டு எண், அதுவும் தெரியாவிட்டால் தெருவின் பெயர் போதும். செவ்வாய்க்கிழமை மாலை சேனையினரும் அன்பியப் பொறுப்பாளர்களும் இருவர் இருவராகக் கிளம்புகிறார்கள். ஆறு மணிக்கு இங்கே கூடுவோம். நானும் வருகிறேன்.